எது பேட் மாஸ்டர்சனின் நிஜ துப்பாக்கி? 26 கொலைக் கதையும்... ஒரு கம்பெனியின் பழைய கணக்குப் புத்தகமும்!

நியூயார்க் நகரம், 1900-களின் தொடக்கம். பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து குத்துச்சண்டை பற்றி எழுதிக்கொண்டிருக்கும் ஐம்பது வயது மனிதர் ஒருவரைத் தேடி, பழைய துப்பாக்கிகளைச் சேகரிக்கும் ஆள் ஒருவர் திரும்பத் திரும்ப வருகிறார். ஷெரீஃப்பாக இருந்த காலத்தில் இடுப்பில் வைத்திருந்த ரிவால்வரை எப்படியாவது தனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று விடாமல் நச்சரிக்கிறார்.

பொறுத்துப் பார்த்த அந்த மனிதர், அடகுக் கடைக்குப் போய் யாரோ ஒருவரின் பழைய ரிவால்வரை வாங்குகிறார். அதன் கைப்பிடியில் கத்தியால் 22 வெட்டுக்குறிகளைப் போடுகிறார். மறுபடி வந்தவரிடம் அதை நீட்டுகிறார். 22 குறி என்றால் 22 கொலையா என்று வாயைப் பிளந்து கேட்கிறார் வந்தவர். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வந்தவர் ஏதோ புதையல் கிடைத்த மாதிரி அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

அந்தப் பத்திரிகையாளரின் பெயர் பேட் மாஸ்டர்சன். அவரது நெருங்கிய நண்பரும் இன்னொரு பிரபல துப்பாக்கி வீரருமான வையாட் எர்ப் சொன்னதாக வழங்கும் கதை இது. இந்தக் கதைக்கு ரசீது கிடையாது. ஆனால் அதே பேட் மாஸ்டர்சன், துப்பாக்கி கம்பெனிக்கே நேரடியாக ஆர்டர் கொடுத்து வரவழைத்த ரிவால்வர்களுக்குக் கணக்கு இருக்கிறது.

அடகுக் கடையில் வாங்கியது எது, அவர் நிஜமாகவே பயன்படுத்தியது எது? நூறு வருடங்களுக்கு மேல் கழித்து இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய ரிவால்வர் சேகரிப்பவர்களின் உலகமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இயங்குகிறது.

யார் இந்த பேட் மாஸ்டர்சன்?

1853-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி கனடாவின் கியூபெக் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பர்த்தலோமியூ. பின்னாளில் அவரே வில்லியம் பார்க்லே மாஸ்டர்சன் என்று மாற்றிக்கொண்டார். ஆனாலும் எல்லோரும் கூப்பிட்டது பேட் என்றுதான். கைத்தடியால் எதிரிகளை அடித்ததால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. பர்த்தலோமியூ என்பதன் சுருக்கம்தான் பேட் என்பதே பொருத்தமான விளக்கம்.

குடும்பம் நியூயார்க் மாகாணம், இல்லினாய் என்று ஊர் ஊராக நகர்ந்து, 1871-இல் கான்சாஸ் மாகாணத்தில் விச்சிட்டா அருகே வந்து சேர்ந்தது. பேட், அண்ணன் எட், தம்பி ஜிம் ஆகிய மூவருக்கும் விவசாயத்தில் மனசு ஒட்டவில்லை. எருமை வேட்டைக்குக் கிளம்பினார்கள்.

1872-இல் சான்டா ஃபே ரயில் பாதைக்கு மண் சமன்படுத்தும் வேலையை எட்டும் பேட்டும் எடுத்துச் செய்தார்கள். வேலை முடிந்தது. வேலை கொடுத்த ஒப்பந்தக்காரர் மட்டும் 300 டாலர் பாக்கி வைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். சில மாதங்கள் கழித்து அவர் ரயிலில் அந்த வழியாக வருவது பேட்டுக்குத் தெரிந்தது. ரயில் நின்றதும் ஏறி, துப்பாக்கியை நீட்டி, கூலி பாக்கியை வசூலித்துவிட்டு இறங்கினார். அப்போது அவருக்கு வயது 19. டாட்ஜ் சிட்டி என்ற புது ஊரில் அவர் பெயர் முதன்முதலில் பேசப்பட்டது இப்படித்தான்.

அடோப் வால்ஸ்: 28 பேர், நூற்றுக்கணக்கானோர்

1874 ஜூன் 27, விடியற்காலை. டெக்சாஸின் வடக்கு முனையில் அடோப் வால்ஸ் என்ற இடத்தில் எருமை வேட்டைக்காரர்களின் சிறு முகாம். அங்கே இருந்த ஆண்கள் 28 பேர், பெண் ஒருவர். அந்த முகாமை கோமான்ச்சி, கயோவா, செயென் பழங்குடி வீரர்கள் நூற்றுக்கணக்கில் சூழ்ந்து தாக்கினார்கள்.

பழங்குடிகளின் கோபத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. அவர்களுக்குச் சாப்பாடு, உடை, கூடாரம் எல்லாமே எருமைதான். வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் தோலை மட்டும் உரித்துக்கொண்டு, இறைச்சியை அழுகவிட்டு, மந்தை மந்தையாக அவற்றை அழித்துக்கொண்டிருந்தார்கள்.

முகாமில் இருந்தவர்களிடம் வெகுதூரம் சுடும் வேட்டைத் துப்பாக்கிகள் இருந்ததால் தாக்குதல் தோற்றது. அங்கே இருந்தவர்களில் மிக இளையவர்களில் ஒருவர் 20 வயது பேட். இந்தச் சண்டையில் அவர் எத்தனை பேரைச் சுட்டார்? கூட்டமாகச் சுடும்போது யாருடைய குண்டு யார் மேல் பட்டது என்று பிரிக்கவே முடியாது. ஆனாலும் பின்னாளில் அவர் பெயரில் கணக்கு எழுதியவர்கள் இதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை.

ஸ்வீட்வாட்டரில் ஓர் இரவு

1876 ஜனவரி 24. டெக்சாஸில் ராணுவ முகாம் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்வீட்வாட்டர் என்ற சிற்றூர். அன்று இரவு மெல்வின் கிங் என்ற ராணுவ வீரருக்கும் பேட்டுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. நடுவில் சிக்கிய மோலி பிரென்னன் என்ற பெண் உயிரிழந்தார். கிங்கும் இறந்தார். பேட்டின் இடுப்பெலும்புப் பகுதியில் குண்டு பாய்ந்தது. பிழைத்தார், ஆனால் கொஞ்ச காலம் கைத்தடி ஊன்றி நடக்க வேண்டியிருந்தது.

அவர் நேருக்கு நேர் சுட்டு ஒருவர் இறந்ததற்கு எந்தச் சர்ச்சையும் இல்லாத சம்பவம் என்றால் இதுதான்.

3 ஓட்டு வித்தியாசத்தில் ஷெரீஃப்

1877 நவம்பரில் நடந்த தேர்தலில், டாட்ஜ் சிட்டி அடங்கிய ஃபோர்டு மாவட்டத்தின் ஷெரீஃப்பாக பேட் வென்றார். வித்தியாசம் வெறும் 3 ஓட்டு. அப்போது அவருக்கு 24 வயதுகூட ஆகவில்லை. அண்ணன் எட் அதே ஊரில் போலீஸ் மார்ஷல்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. 1878 ஏப்ரல் 9-ஆம் தேதி இரவு, குடித்துவிட்டுத் துப்பாக்கியோடு திரிந்த மாட்டுக்காரர்களைத் தடுக்கப்போன எட்டை, ஜாக் வாக்னர் என்பவர் மிக அருகிலிருந்து சுட்டார். எட் இறந்தார். குண்டடி பட்ட வாக்னர் மறுநாள் இறந்தார். வாக்னரைச் சுட்டது சாவதற்கு முன் எட் தானா, ஓடிவந்த தம்பி பேட்டா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். தானே சுட்டதாக பேட் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

அதே வருடம் டோரா ஹாண்ட் என்ற பாடகியைச் சுட்டுக் கொன்ற குற்றச்சாட்டில் தேடப்பட்ட ஜிம் கெனடியை, குழுவோடு குதிரையில் துரத்திப் பிடித்தார். கெனடி காயமடைந்தார், உயிருக்கு ஆபத்தில்லை. அடுத்த தேர்தலில், 1879-இல், பேட் தோற்றார். மொத்தத்தில் அவர் ஷெரீஃப்பாக இருந்தது இரண்டே வருடம்.

1881 ஏப்ரல் 16-ஆம் தேதி, தம்பி ஜிம்முக்கு ஆபத்து என்று தகவல் வந்து டாட்ஜ் சிட்டிக்கு ரயிலில் வந்து இறங்கியவர், இறங்கிய வேகத்தில் நடுத்தெருவில் துப்பாக்கிச் சண்டையில் இறங்கினார். எதிர்த்தரப்பில் அப்டிகிராஃப் என்பவர் காயமடைந்து பிழைத்துக்கொண்டார். பேட்டுக்குக் கிடைத்த தண்டனை 8 டாலர் அபராதம்!

26 என்ற எண் எங்கிருந்து வந்தது?

இதே 1881-இன் கோடைக்காலத்தில்தான் அந்தத் திருப்பம். கொலராடோ மாகாணத்தின் கன்னிசன் ஊருக்கு நியூயார்க்கின் 'சன்' பத்திரிகை நிருபர் வந்திருந்தார். மேற்குப் பகுதியின் துப்பாக்கி வீரர்கள் பற்றி ரத்தம் சொட்டும் கதை ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். காக்ரெல் என்ற டாக்டருக்கு விளையாட்டுப் புத்தி. அந்தப் பக்கமாக நின்றுகொண்டிருந்த ஓர் இளைஞரைக் காட்டி, அவர்தான் பேட் மாஸ்டர்சன், இதுவரை 26 பேரைக் கொன்றிருக்கிறார் என்று அளந்துவிட்டார்.

நிருபர் அதை அப்படியே அனுப்பினார். 'சன்' பத்திரிகை அச்சடித்தது. மற்ற ஊர்ப் பத்திரிகைகள் அதைப் பார்த்து எழுதின. 26 என்ற எண் சிலர் கையில் 28 ஆனது. இன்றைய வாட்ஸ்அப் ஃபார்வர்டு எப்படிப் பரவுகிறதோ, கிட்டத்தட்ட அதே கதைதான். பேட் இதைப் பலமாக மறுத்ததாகவும் தெரியவில்லை. எதிரில் நிற்பவர் நம்மைப் பார்த்துப் பயந்தால், துப்பாக்கியை எடுக்காமலே பாதிச் சண்டை முடிந்துவிடுமே!

அந்தக் கதையின் விலையை அவர் 30 வருடம் கழித்துக் கொடுத்தார். அதற்கு முன், ரசீது உள்ள கதைக்கு வருவோம்.

கோல்ட் கம்பெனிக்கு ஒரு கடிதம்

கோல்ட் என்றதும் தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சாமுவேல் கோல்ட் என்பவர் ஆரம்பித்த துப்பாக்கி கம்பெனி இது. தொழிற்சாலை இருந்தது கனெக்டிகட் மாகாணத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில். நிறுவனர் 1862-இலேயே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு 1873-இல் கம்பெனி கொண்டுவந்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற ஆறு குண்டு ரிவால்வர்தான், கவ்பாய் படங்களில் நாம் பார்க்கும் அந்தத் துப்பாக்கி. பீஸ்மேக்கர் என்பது அதன் செல்லப் பெயர்.

அன்றைக்குப் பெரும்பாலானோர் இந்த ரிவால்வரைக் கடையில்தான் வாங்கினார்கள். பேட் அப்படி இல்லை. 1879-க்கும் 1885-க்கும் இடையில் தொழிற்சாலைக்கே ஆர்டர் கொடுத்து மொத்தம் 8 ரிவால்வர்களை வரவழைத்தார்.

அந்த ஆர்டர்களில் மிகப் புகழ்பெற்றது 1885 ஜூலை 24 தேதியிட்ட கடிதம். அதற்கு 20 நாள் முன்புதான், ஜூலை 4 விழாவில், ஊரிலேயே அதிகச் செல்வாக்கு உள்ளவர் என்று டாட்ஜ் சிட்டி மக்கள் ஓட்டுப் போட்டு அவருக்குத் தங்கப்பூண் போட்ட கைத்தடி கொடுத்திருந்தார்கள். ஓப்பரா ஹவுஸ் சலூன் என்ற மதுக்கடையின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதத்தை எழுதினார்.

என்ன கேட்டிருந்தார்? நிக்கல் முலாம் பூசிய, குட்டையான .45 ரிவால்வர் ஒன்று வேண்டும். தன் சொந்த உபயோகத்துக்கு என்பதால் கூடுதல் கவனம் எடுத்துச் செய்ய வேண்டும், அதற்கான கூடுதல் காசைத் தரத் தயார். விசை மிக லேசாக இழுபட வேண்டும். குழல் நுனியில் குறி பார்க்க இருக்கும் முனை வழக்கத்தைவிடச் சற்று உயரமாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும். கைப்பிடி கட்டா பெர்ச்சாவில், அதாவது கெட்டியான ரப்பர் போன்ற பொருளில் வேண்டும். சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே தள்ளும் கம்பி எவ்வளவு நீளமோ, குழலும் கிட்டத்தட்ட அவ்வளவு நீளம்தான் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு, கீழே பின்குறிப்பு: இதே மாதிரி ஒன்று அல்ல, இரண்டாக அனுப்பவும்.

கடிதத்தில் வீராப்பு ஒன்றுகூட இல்லை. தையல்காரரிடம் சட்டைக்கு அளவு சொல்கிற மாதிரி இருக்கிறது. குட்டைக் குழல் உறையிலிருந்து சட்டென்று வெளியே வரும். தடித்த முனை கண்ணுக்குச் சட்டென்று தெரியும். 26 கொலைக் கதை சொல்லாத ஒன்றை இந்தக் கடிதம் சொல்லிவிடுகிறது. துப்பாக்கியைத் தொழில் கருவியாகப் பார்த்த மனிதர் அவர்.

லெட்ஜரில் என்ன இருக்கும்?

ஒவ்வொரு ரிவால்வரும் தொழிற்சாலையைவிட்டு வெளியே போகும்போது, கோல்ட் குமாஸ்தாக்கள் பெரிய கணக்குப் புத்தகத்தில் கையால் பதிவு செய்தார்கள். சீரியல் நம்பர், குண்டின் அளவு, குழலின் நீளம், மேற்பூச்சு நீலமா நிக்கலா, கைப்பிடி எந்த வகை, யாருக்கு அனுப்பப்பட்டது, எந்தத் தேதி, அதே வகையில் எத்தனை சேர்ந்து போனது. இவ்வளவுதான்.

அந்தக் குமாஸ்தா எழுதியது வரலாற்றுக்காக இல்லை, சரக்குக் கணக்குக்காக. பொய் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் கிடையாது. அதனால்தான் அந்த வரிக்கு இன்று இவ்வளவு மதிப்பு.

பழைய கோல்ட் ரிவால்வர் ஒருவர் கைக்கு வந்தால் தேடல் இப்படித்தான் போகும். முதலில் சீரியல் நம்பர். சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் இது உடற்பகுதியின் அடியில், விசைக் காப்பு வளையத்தில், கைப்பிடியின் பின்பட்டையில் என்று மூன்று இடங்களில் இருக்கும். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும், வெவ்வேறு துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது என்று அர்த்தம். நம்பரை வைத்து எந்த வருடத் தயாரிப்பு என்று கணிக்கலாம்.

அடுத்து, கோல்ட் கம்பெனியின் ஆவணப் பிரிவுக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் லெட்ஜரைப் பார்த்து, அதில் உள்ளதைக் கடிதமாக எழுதித் தருவார்கள். சேகரிப்பாளர்கள் இதை லெட்டர் வாங்குவது என்று சொல்வார்கள். லெட்டர் வந்ததும் துப்பாக்கியையும் காகிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். லெட்ஜரில் நீலப் பூச்சு, கையில் இருப்பது நிக்கல் என்றால் பின்னாளில் யாரோ முலாம் பூசியிருக்கிறார்கள். லெட்ஜரில் 7½ அங்குலக் குழல், கையில் இருப்பது 4¾ என்றால் குழலை வெட்டியிருக்கிறார்கள் அல்லது மாற்றியிருக்கிறார்கள். விலை அங்கேயே சரிந்துவிடும்.

பொருந்தினாலும் பல நேரம் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏனென்றால் பெரும்பாலான ரிவால்வர்கள் மொத்த வியாபாரிகளுக்குத்தான் போயின. நியூயார்க்கின் ஹார்ட்லி அண்ட் கிரஹாம், செயின்ட் லூயிஸின் சிம்மன்ஸ் ஹார்டுவேர் போன்ற கடைகளின் பெயரோடு லெட்ஜர் நின்றுவிடும். கடையிலிருந்து அதை வாங்கிப்போனது விவசாயியா, கொள்ளைக்காரனா, ஷெரீஃப்பா என்று அதில் இருக்காது. பேட் மாஸ்டர்சனின் ரிவால்வர்கள் தனித்து நிற்பது இதனால்தான். தொழிற்சாலைக்கே எழுதிக் கேட்டதால், தொழிற்சாலைக் காகிதங்களில் அவர் பெயரே இருக்கிறது.

எல்லா கம்பெனிக்கும் எல்லாக் காலத்துக்கும் இந்த வசதி இல்லை. 1864 பிப்ரவரியில் கோல்ட் தொழிற்சாலையில் ஏற்பட்ட பெரும் தீயில் ஆரம்பகாலப் பதிவுகள் பல அழிந்தன. வின்செஸ்டர் கம்பெனியின் பழைய பதிவுகள் வயோமிங் மாகாணத்தின் கோடி நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. லெட்ஜர் சொல்வது துப்பாக்கி யாருக்குப் போனது என்பதை மட்டும்தான். அதை யார் சுட்டார், யார் மேல் சுட்டார் என்று சொல்லாது. போதாக்குறைக்கு, பிரபலமான சீரியல் நம்பர் வெளியே தெரிந்துவிட்டால், வேறு துப்பாக்கியில் பழைய நம்பரை ராவிவிட்டு அந்த நம்பரை அடிக்கும் மோசடிக்காரர்களும் உண்டு. அதனால் காகிதத்தோடு உலோகத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாக வேண்டும்.

லெட்ஜரில் இல்லாத 5 துப்பாக்கிகள்

லெட்ஜரின் பலம் என்ன என்பதற்கு ஒரு செம உதாரணம் பேட்டின் கதையிலேயே இருக்கிறது. 1931-இல் ஸ்டூவர்ட் லேக் என்ற எழுத்தாளர் வையாட் எர்ப்பின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். நெட் பன்ட்லைன் என்ற மலிவு விலைக் கதை எழுத்தாளர், 12 அங்குலக் குழல் கொண்ட ஐந்து தனி ரிவால்வர்களை கோல்ட் கம்பெனியில் செய்யச் சொல்லி, எர்ப், பேட் உள்ளிட்ட ஐந்து டாட்ஜ் சிட்டி வீரர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார் என்று அதில் எழுதினார். புத்தகம் சக்கைப்போடு போட்டது. சேகரிப்பாளர்கள் அந்த ஐந்தையும் தேடி அலைந்தார்கள்.

கோல்ட் பதிவுகளைப் புரட்டினால்? பன்ட்லைன் கொடுத்ததாக அப்படி ஓர் ஆர்டரே இல்லை. பரிசு வாங்கியதாகச் சொல்லப்பட்ட அந்த ஐந்து துப்பாக்கிகளில் ஒன்றுகூட நிரூபணத்தோடு வெளிவரவில்லை.

காமெடி என்னவென்றால், தொலைக்காட்சித் தொடர்களால் இந்தக் கதை மறுபடி பிரபலமானதும், 1957-இல் கோல்ட் கம்பெனியே பன்ட்லைன் ஸ்பெஷல் என்ற பெயரில் 12 அங்குல ரிவால்வரைத் தயாரித்து விற்க ஆரம்பித்தது. தன் கணக்குப் புத்தகத்தில் இல்லாத துப்பாக்கியை, கதையை நம்பி வந்தவர்களுக்காகக் கம்பெனி நிஜமாகவே செய்து கொடுத்தது!

கோர்ட் கூண்டில் 26

டாட்ஜ் சிட்டிக்குப் பிறகு பேட் கொலராடோவின் டென்வரில் சூதாட்டம், நாடக அரங்கு, குத்துச்சண்டை என்று இருந்தார். 1891-இல் எம்மா என்ற மேடைக் கலைஞரைத் திருமணம் செய்தார். 1902-இல் நியூயார்க் வந்த கையோடு, மோசடிச் சூதாட்டப் புகாரிலும் துப்பாக்கியை மறைத்து வைத்திருந்ததாகவும் கைதானார். சூதாட்டப் புகார் நிற்கவில்லை. துப்பாக்கிக்கு 10 டாலர் அபராதம் கட்டினார். பிறகு 'மார்னிங் டெலிகிராஃப்' பத்திரிகையில் சேர்ந்து, குத்துச்சண்டை எழுத்தாளராகப் பெயர் வாங்கினார். அவரது ரசிகரான அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 1905-இல் அவருக்கு துணை மார்ஷல் பதவி கொடுத்தார். அதிபர் மாறியதும் 1909-இல் அந்த வேலை போனது.

1911-இல் நியூயார்க்கின் 'குளோப்' பத்திரிகை, பேட்டின் புகழ் குடிபோதையில் இருந்த மெக்சிகோகாரர்களையும் செவ்விந்தியர்களையும் முதுகில் சுட்டுச் சம்பாதித்தது என்ற ஒரு குத்துச்சண்டை மேனேஜரின் பேச்சை வெளியிட்டது. பேட் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1913-இல் விசாரணை. பத்திரிகைத் தரப்பில் அவரைக் குறுக்கு விசாரணை செய்தவர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான பெஞ்சமின் கார்டோசோ.

கார்டோசோ கையில் எடுத்தது 30 வருடமாக ஊரெல்லாம் சுற்றிய அந்தக் கொலைக் கணக்கைத்தான். ஏற்கெனவே கொலைகாரர் என்று பேர் வாங்கியவருக்கு இழக்க என்ன மானம் இருக்கிறது என்பதுதான் வாதத்தின் அடிப்படை. சிரித்துக்கொண்டே வளரவிட்ட வதந்தி, இப்போது எதிராளியின் ஆயுதமாகிவிட்டது. கூண்டில் நின்ற 59 வயது பேட், இந்த முறை ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நழுவ முடியாது. ஒவ்வொரு சம்பவமாகச் சொன்னார். சத்தியம் செய்து அவர் சொன்ன கணக்கு ஒரு கை விரல்களைத் தாண்டவில்லை.

ஜூரிகள் அவர் பக்கம் நின்றார்கள். 3,500 டாலர் நஷ்டஈடு தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அது 1,000 டாலராகக் குறைந்தது. ஜெயித்தார், ஆனால் கணக்கு இல்லாத கதைக்கு என்ன விலை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இன்றைக்கு ஏன் இது முக்கியம்?

2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த போன்ஹாம்ஸ் ஏலத்தில், பில்லி தி கிட் என்ற கொள்ளையனைச் சுட்ட ஷெரீஃப் பேட் காரெட்டின் கோல்ட் ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அதே காலத்து, அதே மாடல் ரிவால்வர், கதை எதுவும் இல்லாமல் வந்தால் இதில் மிகச் சிறு பகுதிதான் கிடைக்கும். இரண்டிலும் இரும்பு ஒன்றுதான். அந்த ரிவால்வர் யாரிடமிருந்து யாரிடம் போனது என்று விடாமல் காட்டிய ஆவணங்களுக்குத்தான் மீதி விலை.

இவ்வளவு பணம் புரளும் இடத்தில் ஏமாற்று வேலை இல்லாமல் இருக்குமா? தாத்தா சொன்னார், ஷெரீஃப் கையாலேயே கொடுத்தார் என்ற கதைகளோடு வரும் துப்பாக்கிகளுக்குப் பஞ்சமே இல்லை. கைப்பிடியில் வெட்டுக்குறி இருந்தால் அனுபவசாலிகளுக்கு மரியாதையைவிட சந்தேகம்தான் முதலில் வரும். கத்தி இருந்தால் குறி போட ஐந்து நிமிடம் போதும். 140 வருடத்துக்கு முந்தைய லெட்ஜருக்குள் போய் ஒரு வரியை யாரும் சேர்த்துவிட முடியாது.

கடைசி வரி

1921 அக்டோபர் 25. பேட் வழக்கம்போல 'மார்னிங் டெலிகிராஃப்' ஆபீஸுக்கு வந்தார். பணக்காரருக்கும் ஏழைக்கும் ஐஸ்கட்டி சமமாகக் கிடைப்பதாகச் சொல்வதைக் கிண்டலடித்து தன் பத்தியை எழுதினார். மேசையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் உயிர் பிரிந்தது. வயது 67. எத்தனையோ துப்பாக்கிகளுக்கு நடுவில் வாழ்ந்தவர், கடைசியில் எழுதிக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தார். நியூயார்க்கின் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1958 முதல் 1961 வரை அவர் பெயரிலேயே தொலைக்காட்சித் தொடர் வந்தது. தொப்பி, கைத்தடி, கோட் சூட்டோடு வரும் அந்தக் கதாநாயகனைப் பார்த்துத்தான் பலருக்கும் பேட் மாஸ்டர்சனைத் தெரியும்.

அடகுக் கடையில் வாங்கி 22 குறி போட்டதாகச் சொல்லப்படும் அந்த ரிவால்வர், நிஜமாகவே இருந்திருந்தால், இப்போதும் யாரோ ஒருவர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் பெருமையாக இருக்கலாம். அதன் சொந்தக்காரர் என்றாவது ஒருநாள் சீரியல் நம்பரை எழுதி, கட்டணம் கட்டி, லெட்டர் வாங்கிப் பார்ப்பார். அதில் ஏதோ ஒரு மொத்தக் கடையின் பெயர் இருக்கும், டாட்ஜ் சிட்டி இருக்காது. பேட் மாஸ்டர்சன் ஒரு சேகரிப்பாளரிடம் சொல்லாமல் விட்ட பதிலை, பெயர் தெரியாத ஒரு குமாஸ்தா முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்.